காணாமல் போன டெம்பரேச்சர் முள்: பழைய கார் ஃபீச்சர்களும் உங்க பர்ஸும்



சின்ன வயசுல எனக்கு ஒரு வேலை இருந்துச்சு, சம்பளம் இல்லாத வேலை. அப்பா வாங்கின செகண்ட் ஹேண்ட் மாருதி 800-ல முன் சீட்ல உட்கார்ந்து, டேஷ்போர்டுல இருக்கிற டெம்பரேச்சர் முள்ளைப் பார்த்துக்கிட்டே வரணும். முள் பாதியைத் தாண்டினா உடனே சொல்லணும்.

அம்பத்தூர் ஓ.டி.யிலிருந்து வருஷத்துக்கு ஒரு தடவை திருத்தணிக்குக் கிளம்புவோம். சி.டி.எச். ரோட்டுல ஆவடி தாண்டி பட்டாபிராம் ரயில்வே கேட்ல வண்டி நிக்கும். ஒரு ரயில் போகும், கேட் திறக்காது, அடுத்த ரயிலும் போகும். அதுக்குள்ள முள் மெல்ல மேல ஏற ஆரம்பிச்சிடும். "அப்பா, முள்ளு போகுதுப்பா"ன்னு கத்துவேன். அப்பா உடனே வண்டியை ஓரம் கட்டி, பானட்டைத் தூக்கிவிட்டு, அரை மணி நேரம் சும்மா நிப்பார். சூடு தணிஞ்ச பிறகு துணியைப் போட்டு ரேடியேட்டர் மூடியைத் திறந்து ரெண்டு பாட்டில் தண்ணி ஊத்துவார். அதோட பிரச்சினை முடிஞ்சுது, செலவு ஒண்ணும் கிடையாது.

இப்போ 2022-க்கு வாங்க. நான் வேலைக்குப் போய், 2018-ல லோன் போட்டு வாங்கின கார். டச் ஸ்கிரீன் இருக்கு, ரிவர்ஸ் கேமரா இருக்கு, ஆனா டெம்பரேச்சர் முள் இல்ல. எஞ்சின் குளிர்ச்சியா இருந்தா நீல விளக்கு, ரொம்ப சூடானா சிவப்பு விளக்கு. நடுவுல என்ன நடக்குதுன்னு தெரியாது.

மெட்ரோ வேலை நடந்துக்கிட்டிருந்த நேரம். மவுண்ட்–பூந்தமல்லி ரோட்டுல காட்டுப்பாக்கம் பக்கம் செம டிராஃபிக். சிவப்பு விளக்கு எரிஞ்சுது. கரையான்சாவடியில தெரிஞ்ச மெக்கானிக் இருக்கார், மூணு கிலோமீட்டர்தானேன்னு ஓட்டிட்டேன். கூலன்ட் போற ஹோஸ்ல ஓட்டை. ஹெட் கேஸ்கெட் போயிடுச்சு. பில் 34,000 ரூபாய். வாரண்டி முடிஞ்சிருந்தது. மாசக் கடைசி வேற, கிரெடிட் கார்டுல ஈஎம்ஐயா மாத்தித்தான் கட்டினேன். மெக்கானிக் அண்ணன் சொன்னது இன்னும் காதுல இருக்கு: "விளக்கு எரிஞ்ச உடனே நிறுத்தியிருந்தா ஹோஸோட போயிருக்கும் சார். ஆயிரம் ரூபாய்க்குள்ள முடிஞ்சிருக்கும்."

தப்பு என்னுதுதான். சிவப்பு விளக்கு எரிஞ்சா நிறுத்தணும். ஆனா, அந்த முள் இருந்திருந்தா விளக்கு எரியறதுக்குப் பத்து நிமிஷம் முன்னாடியே எனக்குத் தெரிஞ்சிருக்கும்.

நம்ம சேனல்ல கார் லோன் பத்தி ஈஎம்ஐ கணக்கு, வட்டின்னு நிறைய பேசியிருக்கோம். இந்தப் பதிவுல வேற ஒரு விஷயம். பழைய கார்கள்ல இருந்து காணாமல் போன ஃபீச்சர்களை எடுத்துப்போம். அதை நினைச்சு ஏங்கறது ஒரு பக்கம் இருக்கட்டும். ஒவ்வொண்ணும் போனதால உங்க செலவு எங்க கூடியிருக்கு, எங்க குறைஞ்சிருக்குன்னு பார்ப்போம். முதல் கார் வாங்கப் போறீங்கன்னா கடைசி வரை படிங்க.

நம்ம ஏரியா, கார் ஏரியா

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் வளர்ந்தவங்களுக்குக் கார் பார்ட்ஸ் புதுசு கிடையாது. பாடியில வீல்ஸ் இந்தியா, லூக்காஸ் டிவிஎஸ், பிரேக்ஸ் இந்தியா எல்லாம் 1960-களின் ஆரம்பத்துல தொடங்கின கம்பெனிகள். "லூக்காஸ்"ங்கிறது நமக்கு ஒரு பஸ் ஸ்டாப் பேரு. அம்பத்தூர் எஸ்டேட்ல லேத் பட்டறையிலிருந்து பிரஸ் ஷாப் வரைக்கும் பாதி பேர் ஏதோ ஒரு வண்டிக்கு ஏதோ ஒரு பார்ட் செஞ்சுக்கிட்டுத்தான் இருந்தாங்க. எங்க அப்பாவும் அங்க டர்னர். 1998-ல பூந்தமல்லி தாண்டி இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஹூண்டாய் சாண்ட்ரோ வந்துச்சு. அதே வருஷம் திருவள்ளூர் பக்கம் இந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலையிலிருந்து மிட்சுபிஷி லான்சர் வந்துச்சு.

இதனால நம்ம ஏரியாவுல ஒரு வசதி இருந்துச்சு. செல்ஃப் மோட்டார் போனா காயில் கட்டித் தர ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியன், சைலன்சர் ஓட்டையானா வெல்டிங் வைக்க ஒரு பட்டறை, எல்லாம் தெருமுனையிலயே கிடைச்சுது. பழுதான சின்ன துண்டை மட்டும் சரி பண்ணிட்டு ஓட்டிடலாம்.

இப்போ நிறைய பார்ட்ஸ் முழு யூனிட்டா வருது. உள்ள ஒரு சின்ன விஷயம் போனாலும் யூனிட்டையே மாத்தணும். இந்த வித்தியாசத்தை மனசுல வச்சுக்கிட்டு கீழே படிங்க.

பல்பு, ஸ்டீரியோ, சாவி

ஹெட்லைட்டை எடுத்துக்கோங்க. அம்பாசடர்ல ரெண்டு உருண்டை விளக்கு. கண்ணாடி ஒடைஞ்சா அதே அளவுல வேற ஒண்ணு எந்தக் கடையிலயும் கிடைக்கும். அப்புறம் வந்த கார்கள்லயும் பல்பு மட்டும் தனியா மாத்தலாம், நூறு இருநூறு ரூபாய் வேலை. இப்போ எல்இடி ஹெட்லேம்ப். வெளிச்சம் நல்லா இருக்கு, ரொம்ப நாள் உழைக்கும், கரண்ட்டும் கம்மியா எடுக்கும். அதுல சந்தேகமே இல்ல. ஆனா பல மாடல்கள்ல உள்ள எல்இடி போனாலோ, ஒரு பைக் வந்து இடிச்சாலோ, முழு யூனிட்டும் மாத்தணும். பில் ஆயிரங்கள்ல வரும்.

அடுத்தது ஸ்டீரியோ. கேசட் பிளேயர், சிடி பிளேயர் காலத்துல டேஷ்போர்டுல ஒரு செவ்வகப் பொந்து இருக்கும். அந்தப் பொந்துக்கு பெரும்பாலும் ஒரே அளவு: 180 மில்லிமீட்டர் அகலம், 50 மில்லிமீட்டர் உயரம். எந்தக் கம்பெனி செட்டும் பெரும்பாலான கார்கள்ல உட்காரும். பழைய செட் போனா, கையில இருக்கிற பட்ஜெட்டுக்கு வேற ஒண்ணு போட்டுக்கலாம். இப்போ ஸ்கிரீன் டேஷ்போர்டோடவே சேர்ந்து வருது. ஏசி கண்ட்ரோல், கேமரா, வண்டி செட்டிங்ஸ் எல்லாம் அதுக்குள்ளேயே இருக்கிற கார்களும் உண்டு. ஸ்கிரீன் போனா பாட்டு மட்டும் போகாது.

பட்டன் இல்லாம எல்லாத்தையும் ஸ்கிரீனுக்குள்ள தள்ளினது பாதுகாப்புக்கும் நல்லதில்லன்னு இப்போ உலகத்துக்கே புரிஞ்சிருக்கு. ஐரோப்பாவுல கார்களோட பாதுகாப்பைச் சோதிக்கிற யூரோ என்கேப் அமைப்பு, இண்டிகேட்டர், வைப்பர், ஹாரன், ஹசார்டு லைட் மாதிரி விஷயங்களுக்குத் தனி பட்டனோ லிவரோ இருக்கணும்னு 2026-லிருந்து மதிப்பெண் முறையை மாத்தியிருக்கு. ரோட்டுல இருந்து கண்ணை எடுக்காம தடவிப் பார்த்தே ஏசியைத் திருப்பின காலம் திரும்ப வரலாம். நல்லதுதான்.

அப்புறம் சாவி. அப்பாவோட சாவி தொலைஞ்சப்போ, ஓ.டி. பஸ் ஸ்டாண்ட் பக்கம் குடை போட்டு உட்கார்ந்திருந்தவர்கிட்ட டூப்ளிகேட் போட்டார், டீ குடிச்சு முடிக்கிறதுக்குள்ள. இப்போ ஸ்மார்ட் கீ. தொலைஞ்சா ஆயிரக்கணக்குல செலவு, சில நாள் காத்திருப்பு வேற. ஆனா சாவிக்குள்ள இருக்கிற சிப் இல்லாம எஞ்சின் ஸ்டார்ட் ஆகாதுங்கிறதால, கம்பியை விட்டு வண்டியைத் திருடறது கஷ்டமாகிடுச்சு. இது லாபம்தான். உங்க வேலை சிம்பிள்: ரெண்டாவது சாவியை வீட்டுல பத்திரமா வைங்க. செகண்ட் ஹேண்ட் கார் வாங்கும்போது ரெண்டு சாவியும் கேட்டு வாங்குங்க. ஒண்ணுதான் இருக்குன்னு சொன்னா விலையைக் குறைக்கச் சொல்லுங்க.

இரும்பு பம்பர் போனதும் இன்சூரன்ஸ் கணக்கு மாறுச்சு

அம்பாசடர் பம்பர் ஞாபகம் இருக்கா? குரோம் பூசின இரும்பு. இடிச்சா வளையும், தட்டி நிமிர்த்திடலாம். இப்போ வர்ற பிளாஸ்டிக் பம்பர் எடை கம்மி, நடந்து போறவங்க மேல இடிச்சாலும் காயம் குறையும். அதனால மாத்தினது சரிதான். ஆனா இன்சூரன்ஸ்ல இதோட விளைவு நிறைய பேருக்குத் தெரியாது.

சாதாரண காம்ப்ரிஹென்சிவ் பாலிசியில, கிளெய்ம் பண்ணும்போது தேய்மானம் கழிப்பாங்க. இரும்புப் பாகங்களுக்கு வண்டி வாங்கின முதல் 6 மாசம் கழிவே இல்ல, அப்புறம் வயசுக்கு ஏத்த மாதிரி மெல்லக் கூடும். ஆனா பிளாஸ்டிக், ரப்பர், டயர், பேட்டரி, ஏர்பேக் இதுக்கெல்லாம் முதல் நாள்லேருந்தே 50 சதவீதம் கழிவு. கண்ணாடிக்கு மட்டும் கழிவு கிடையாது.

ஒரு உதாரணம். ஷோரூமிலிருந்து வந்து ஒரு மாசம்தான் ஆகுது. பாடி மேம்பாலத்துக்குக் கீழ பின்னாடி ஒருத்தர் இடிச்சுட்டார். பம்பர் விலை 12,000 ரூபாய்னு வச்சுக்கோங்க. அதுல பாதி, 6,000 ரூபாய் உங்க பாக்கெட்டிலிருந்து போகும். அதுக்கு மேல கட்டாயக் கழிவு, 1,500 சிசி வரைக்கும் உள்ள காருக்கு 1,000 ரூபாய். மொத்தம் 7,000 நீங்க கட்டணும். "ஃபுல் இன்சூரன்ஸ் போட்டிருக்கேனே"ன்னு சர்வீஸ் சென்டர்ல சண்டை போடறவங்களை நீங்களும் பார்த்திருப்பீங்க.

இதுக்குத்தான் ஸீரோ டிப்ரிசியேஷன் ஆட்-ஆன். புது காருக்கு முதல் சில வருஷம் அதைக் கட்டாயம் எடுங்க. அதோட, நம்ம பக்கம் கொரட்டூர், அம்பத்தூர் எஸ்டேட்ல தண்ணி நிக்கறது தெரிஞ்ச கதை. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல்ல என்ன ஆச்சுன்னு பார்த்தோம். தண்ணியில நின்ன வண்டியை ஸ்டார்ட் பண்ணி எஞ்சினுக்குள்ள தண்ணி போனா, சாதாரண பாலிசியில எஞ்சின் செலவு பொதுவா கிடைக்காது. எஞ்சின் புரொடெக்ட் ஆட்-ஆன் வேணும். தண்ணி வடிஞ்சாலும் ஸ்டார்ட் பட்டன்ல கை வைக்காதீங்க, டோ பண்ணி எடுத்துட்டுப் போங்க.

ஸ்டெப்னி எங்க போச்சு?

ஸ்டெப்னிங்கிற பேரே ஒரு தெருப் பேருதான். வேல்ஸ்ல லனெல்லிங்கிற ஊர்ல ஸ்டெப்னி தெருவுல இருந்த கம்பெனி வித்த மாற்றுச் சக்கரம் அது. நம்ம ஊர்ல அந்தப் பேரே நிலைச்சுடுச்சு.

முன்னாடி நாலு டயர் என்ன சைஸோ அதே சைஸ்ல அஞ்சாவது இருக்கும். இப்போ நிறைய கார்கள்ல ஸ்டெப்னி சின்ன சைஸ். சிலதுல ஸ்டெப்னியே இல்ல. டியூப்லெஸ் டயர், டயர் பிரஷர் காட்டுற சிஸ்டம், பஞ்சர் ரிப்பேர் கிட் இருந்தா ஸ்டெப்னி கட்டாயம் இல்லன்னு 2020-ல மத்திய அரசு விதியை மாத்திடுச்சு.

ஆணி குத்தினா கிட் போதும். ஆனா பள்ளத்துல விட்டு டயரோட பக்கவாட்டுல கிழிஞ்சா கிட் உதவாது. ராத்திரி 11 மணிக்கு ஷிஃப்ட் முடிஞ்சு ஸ்ரீபெரும்புதூர் பக்கத்திலிருந்து வர்றவங்க இதை யோசிங்க. எலக்ட்ரிக், சிஎன்ஜி கார் பார்க்கிறவங்க டிக்கியைத் திறந்து, "ஸ்டெப்னி எங்க?"ன்னு நேரா கேளுங்க. இல்லன்னா ரோட் சைடு அசிஸ்டன்ஸ் ஆட்-ஆன் எடுங்க.

இதெல்லாம் போனதே நல்லது

பழசு எல்லாமே நல்லதுன்னு நான் சொல்லவே மாட்டேன். மார்கழி காலையில சோக்கை இழுத்து, நாலு தடவை கிராங் பண்ணி, பெட்ரோல் வாசனையோட வண்டி எழுந்திருக்கிறது நினைச்சுப் பார்க்க நல்லா இருக்கும். தினமும் ஆபீஸ் போறவங்களுக்கு அது இம்சை. கார்புரேட்டர் போய் ஃபியூல் இன்ஜெக்ஷன் வந்ததால மைலேஜும் கூடுச்சு, புகையும் குறைஞ்சுது.

இன்னொண்ணு. முள்ளைப் பார்த்துக்கிட்டு முன் சீட்ல உட்கார்ந்திருந்தேன்னு சொன்னேன்ல? அப்போ நான் சீட் பெல்ட் போட்டதா ஞாபகமே இல்ல. அந்தக் கார்ல ஏர்பேக் கிடையாது, ஏபிஎஸ் கிடையாது. எங்களுக்கு ஒண்ணும் ஆகலைங்கிறது அதிர்ஷ்டம், அவ்ளோதான். 2019-லதான் புது கார்களுக்கு ஏபிஎஸ், டிரைவர் ஏர்பேக், ரிவர்ஸ் பார்க்கிங் சென்சார் எல்லாம் கட்டாயமாச்சு. பக்கத்து சீட்டுக்கு ஏர்பேக் அதுக்கு அப்புறம்தான். 2023 அக்டோபர்லேருந்து பாரத் என்கேப் மூலமா நம்ம நாட்டுலயே கிராஷ் டெஸ்ட் ஸ்டார் ரேட்டிங் கொடுக்கறாங்க. செலவைக் குறைக்கிறேன்னு இந்த விஷயத்துல மட்டும் கை வைக்காதீங்க.

"ஏக்கமா இருக்கு, பழைய பத்மினியோ 800-ஓ வாங்கலாமா?"ன்னு கேட்டீங்கன்னா, ஞாயிற்றுக்கிழமை வண்டியா, உபரிப் பணத்துல வாங்குங்க. 15 வருஷம் ஆன காருக்கு ஆர்சி புதுப்பிக்கிற கட்டணம் 2022-லிருந்து 5,000 ரூபாய். 20 வருஷம் தாண்டினா 10,000 ரூபாய்னு 2025-ல ஏத்திட்டாங்க. இதுக்கு மேல பசுமை வரி, எஃப்சி, ரிப்பேர் எல்லாம் தனி. தினமும் ஆபீஸுக்கு ஓட்ட அது சரிப்படாது.

10 லட்சம்ங்கிற கோடு

இப்போ முக்கியமான கணக்கு. போன மாசம் என் அத்தை பையன் கார் பார்க்கப் போனான். ஆவடியில வீடு, ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வேலை, கைக்கு வர்ற சம்பளம் 48,000. அவன் பார்த்த வேரியன்ட் எக்ஸ்-ஷோரூம் 9.80 லட்சம். சேல்ஸ்மேன், "ஐம்பதாயிரம்தான் சார் வித்தியாசம், சன்ரூஃப், பெரிய ஸ்கிரீன் எல்லாம் வந்துடும்"னு 10.30 லட்சம் வேரியன்ட்டைக் காட்டியிருக்கார்.

தமிழ்நாட்டுல 2023 நவம்பர்லேருந்து சொந்த உபயோக கார்களுக்கு வாழ்நாள் வரி இப்படி: 5 லட்சம் வரைக்கும் 12 சதவீதம், 5-லிருந்து 10 லட்சம் வரைக்கும் 13, 10-லிருந்து 20 லட்சம் வரைக்கும் 18, அதுக்கு மேல 20.

9.80 லட்சத்துக்கு 13 சதவீதம்னா 1,27,400 ரூபாய். 10.30 லட்சத்துக்கு 18 சதவீதம்னா 1,85,400 ரூபாய். வரியில மட்டும் 58,000 ரூபாய் வித்தியாசம்! "ஐம்பதாயிரம்தான்"னு சொன்னது உண்மையில 1,08,000. இதை 9 சதவீத வட்டியில 5 வருஷ லோன்ல சேர்த்தா, மாசம் சுமார் 2,240 ரூபாய், மொத்தம் சுமார் 1.34 லட்சம்.

இவ்வளவு கொடுத்து வாங்குற சன்ரூஃப், ஸ்கிரீன் ரெண்டுமே வாரண்டிக்கு அப்புறம் முழு யூனிட்டா மாத்த வேண்டிய அயிட்டங்கள். நான் அவன்கிட்ட, "வேணாம்டா"ன்னு சொல்லலை. கணக்கை மட்டும் பேப்பர்ல எழுதிக் காட்டினேன். அவன் 9.80 வேரியன்ட் எடுத்தான். மிச்சமாகிற 2,240-ல 1,500 ரூபாயை "கார் ரிப்பேர்"னு பேர் போட்டு ஆர்டியில போடறான். 3 வருஷ வாரண்டி முடியும்போது அதுல 54,000 ரூபாயும் வட்டியும் இருக்கும். எனக்கு அன்னைக்கு அப்படி ஒரு ஆர்டி இருந்திருந்தா கிரெடிட் கார்டைத் தொட்டிருக்கவே மாட்டேன்.

ஷோரூம் போறதுக்கு முன்னாடி

1. ஃபீச்சர் லிஸ்ட்டை ரெண்டாப் பிரிங்க: உயிரைக் காப்பாத்துறது, வசதிக்கு. முதல் லிஸ்ட்ல சமரசம் வேண்டாம்.

2. ஹெட்லேம்ப், டச் ஸ்கிரீன், ஸ்மார்ட் கீ, முன் பம்பர், முன் கண்ணாடி, இந்த அஞ்சுக்கும் பார்ட்ஸ் விலையை சர்வீஸ் கவுன்டர்ல கேட்டு எழுதிக்கோங்க. முன் கண்ணாடியில கேமரா இருக்கிற கார்னா, கண்ணாடி மாத்தின பிறகு கேமராவை செட் பண்ண தனிச் செலவு உண்டான்னும் கேளுங்க.

3. கனெக்டட் கார் ஆப் எத்தனை வருஷம் இலவசம், அப்புறம் வருஷத்துக்கு எவ்வளவுன்னு கேளுங்க.

4. டெம்பரேச்சர் மீட்டர் இருக்கா, வெறும் விளக்கு மட்டும்தானான்னு டெஸ்ட் டிரைவ்ல பாருங்க. விளக்கு மட்டும்னா, மாசம் ஒரு தடவை எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது கூலன்ட் அளவைப் பாருங்க. ரெண்டு நிமிஷ வேலை.

5. வேரியன்ட் வித்தியாசத்தை எப்பவும் ஆன்-ரோடு விலையில கேளுங்க. 10 லட்சம் கோட்டைத் தாண்டுதான்னு பாருங்க.

6. கார் வர்ற மாசத்திலேயே ரிப்பேர் ஆர்டியைத் தொடங்குங்க.

போன வாரம் அப்பாவை என் கார்ல திருத்தணிக்குக் கூட்டிட்டுப் போனேன். ஆவடி தாண்டினதும் முன்னாடி எட்டிப் பார்த்து, "எங்கடா இதுல முள்ளு?"ன்னு கேட்டார். இல்லப்பா, விளக்குதான்னு சொன்னேன். "அப்போ சூடு ஏறுதுன்னு யாரு சொல்லுவா?"ன்னார். கிளம்பறதுக்கு முன்னாடியே கூலன்ட் பார்த்துட்டேன்பான்னு சொன்னதும், சரின்னு சீட் பெல்ட்டை இழுத்து மாட்டிக்கிட்டு சாஞ்சு உட்கார்ந்துட்டார்.

உங்க வீட்டுப் பழைய கார்ல எதை மிஸ் பண்றீங்க? உங்க புது கார்ல எந்த பார்ட் உங்களை அதிகம் செலவு பண்ண வச்சுது? எழுதுங்க, அடுத்த வீடியோவுல அந்தக் கணக்கையும் போட்டுப் பார்த்துடலாம். வரி விகிதமும் இன்சூரன்ஸ் விதியும் மாறிக்கிட்டே இருக்கும், அதனால கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி ஒரு தடவை சரிபார்த்துக்கோங்க.